பதினொன்றேகால் டிக்கெட்

பதினொன்றேகாலுக்குத்தான் உள்ளே விடுவார்களாம். முந்தியும் போக முடியாது, ரொம்பப் பிந்தினாலும் போக முடியாது என்று டிராமில் வரும்போதே பூரணி சொல்லிவிட்டாள். டிக்கெட் அவள் போனுக்குள் இருக்கிறது, கறுப்பும் வெள்ளையுமாக, எறும்பு மொய்த்த மாதிரி. மே மாதம் என்றுதான் பேர், ஆம்ஸ்டர்டாமில் காற்று இன்னும் காதைக் கடிக்கிறது. சேலைக்கு மேலே மாப்பிள்ளையின் பழைய கோட்டு, காலில் மகளின் ஷூ, இந்தக் கோலத்தோடு மியூசியம் வாசலில் வரிசையில் நிற்கிறேன். கோவில்பட்டியில் யாராவது பார்த்தால் செண்பகவல்லிக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். எனக்கு என்ன ஆச்சு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் வயிற்றுக்குள் ஒன்று காந்திக்கொண்டே இருக்கிறது, சாப்பிட்ட இட்லி அல்ல. இந்த டிக்கெட்டைப் பூரணி எடுத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு இன்னும் தலைக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் போனைத் தடவிக்கொண்டிருந்தாள். பச்சை உடம்போடு என்னட்டி போனு என்று சத்தம் போட்டேன். “உனக்குத்தாம்மா. இங்க மியூசியத்துக்கெல்லாம் இப்பவே எடுத்து வைக்கணும், அன்னைக்குப் போயி வாசல்ல நின்னா கெடைக்காது. நீ ஊருக்குப் போறதுக்கு முந்தி நாம ரெண்டு பேரு மட்டும் போறோம், வேற யாரும் கெடையாது” என்றாள். ரயிலுக்கு ரிசர்வேஷன் தெரியும், சுவரில் மாட்டிய படத்தைப் பார்க்க ரிசர்வேஷனா என்று சிரித்தேன், ஆனால் அந்த ரெண்டு பேரு மட்டும் என்ற வார்த்தையை அன்றிலிருந்து மிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கி வைத்துச் சப்பிக்கொண்டே இருந்தேன். பாத்திரம் கழுவும்போது, பிள்ளைத் துணி மடிக்கும்போது, நானும் என் மகளும், வேறு யாரும் கிடையாது. இன்றைக்கு அந்த நாள் வந்துவிட்டது, நாங்கள் ரெண்டு பேர்தான் நிற்கிறோம், வேறு யாரும் இல்லை. ஆனால் வீட்டில் வசந்தாமணி இருக்கிறாள்.

வெளியே சம்பந்தியம்மா, வாங்க, போங்க, உட்காருங்க. மனசுக்குள் மட்டும் வசந்தாமணி, அவள், இவள். மனசுக்குள் யார் வந்து கேட்கப் போகிறார்கள். மாப்பிள்ளை இன்றைக்கு லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகத்தான் பேச்சு. கடைசி நேரத்தில் ஆபீஸில் லீவு கிடையாது என்றுவிட்டார்கள். டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்றலாம் என்று பார்த்தால் என் விசா முடிகிற வரைக்கும் ஒரு இடம் காலி இல்லை. பூரணி முகம் வாடியது, மாப்பிள்ளை கோயம்புத்தூருக்குப் போன் போட்டார், சம்பந்தியம்மா அடுத்த வாரம் வர வேண்டியவர்கள் பயணத்தை முன்னால் இழுத்துக்கொண்டு நேற்றைக்கு முந்தின நாளே வந்து இறங்கிவிட்டார்கள். ஆக, என்னைச் சந்தோஷப்படுத்த எடுத்த டிக்கெட்டுதான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இங்கே பிள்ளை பெறும் நம் பெண்கள் எல்லார் வீட்டிலும் இதுதான் ஏற்பாடு. விசா மூன்று மாதம், அதனால் முதலில் பெற்றவள், அவள் கிளம்பினதும் மாமியார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தபோது இப்படித்தான், ஹெட்போனைக் கழற்றி வைத்தால் அடுத்த ஷிஃப்ட்காரி அதே நாற்காலியில் சூடு ஆறுவதற்குள் உட்காருவாள். அதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஓடுவேன். இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத்தான் உடம்பு வரமாட்டேன் என்கிறது. அதிலும் முந்தாநாள் நடந்ததை நினைத்தால். விமானத்திலிருந்து இறங்கி வந்து, கையைக் கழுவி, தொண்டையைக் கனைத்து, “ஏனுங் கண்ணு” என்றாள். அவ்வளவுதான். குழந்தை சிரித்தது. வாயைக் கோணிச் சிரிக்கிற சிரிப்பு என்னிடமும் சிரித்திருக்கிறது, ஆயிரம் தடவை. இது சத்தம் போட்டு, கெக்கெக்கென்று, முதல் முதலாக. மூன்று மாதம் அந்தச் சத்தத்துக்காக நான் போடாத வேஷம் இல்லை, நாக்கை நீட்டினேன், முக்காடு போட்டு விலக்கினேன், ஆடு மாதிரி கத்தினேன். இவள் ஒரு வார்த்தை சொல்லி வாங்கிவிட்டாள். பூரணி கைதட்டினாள். மாப்பிள்ளை போனை எடுத்து வீடியோ பிடிக்க ஓடினார். நானும் கைதட்டினேன், பின்னே தட்டாமல், நான்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினேன்.

உள்ளே விடுகிறார்கள். சீருடை போட்ட ஒரு பையன் மெஷினைப் போனுக்கு நேரே காட்ட, அது கீச்சென்றது. உள்ளே வந்துவிட்டோம், மூன்று மாதம் காத்திருந்து ஒரு கீச். மேலே கண்ணாடிக் கூரை, கீழே ஜனக்கூட்டம், யாரும் சத்தமாகப் பேசவில்லை. இப்போது அவளுக்குத் தூக்கம் வரும் நேரம். அவளுக்கு என்றால் என் தாயிக்கு, பேத்திக்கு. பேர் மகிழ் என்று வைத்திருக்கிறார்கள், எனக்குத் தாயிதான். முதலில் காதைத் தேய்ப்பாள், பிறகு முகத்தை என் தோளில் அப்படியும் இப்படியும் உரசுவாள், அப்புறம் ஆரம்பிப்பாள். இந்நேரம் ஆரம்பித்திருக்க வேண்டும். பூரணியின் பின்பாக்கெட்டில் போன் பாதி வெளியே தெரிகிறது, என் கண் அதைவிட்டு நகரவில்லை. சுவரில் கப்பல், சண்டை, கறுப்புச் சட்டை போட்ட ஆம்பிளைகள், தொப்பி தொப்பியாக, எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் போனைப் பார்க்கிறேன். அடிக்கட்டும் என்றுதான் பார்க்கிறேன். ஆமாம், அடிக்க வேண்டும். நேற்று முழுக்க வசந்தாமணிக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். எடுத்து வைத்த பால் எந்தத் தட்டில் இருக்கிறது, எவ்வளவு சூடு, ஏப்பம் வராவிட்டால் எங்கே தட்ட வேண்டும், எண்ணெய் எது, டயப்பர் எங்கே, ஒன்று விடவில்லை. “நீங்க இருக்கறதால எனக்கு ஒண்ணுமே பயமில்லீங்க சம்பந்தி” என்று தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ரெண்டை மட்டும் சொல்லவில்லை. ஒன்று, சேலை. தூளிக்குக் கட்டுகிற என் நீல நூல் சேலை. இந்த வீட்டு மச்சில் கொக்கி கிடையாது, மாப்பிள்ளை உடற்பயிற்சிக்கென்று கதவு நிலையில் மாட்டியிருந்த கம்பியில்தான் தூளி கட்டினேன். அந்தச் சேலையை இன்றைக்குக் காலையில் அவிழ்த்து, மடித்து, என் பெட்டிக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். இன்னும் ரெண்டு நாளில் கிளம்புகிறவள் பெட்டி அடுக்குவதில் என்ன தப்பு, என் சேலை, நான் எடுத்து வைத்தேன். துவைக்கவில்லை. துவைத்தால் பால் வாடை போய்விடும். கோவில்பட்டி வீட்டில் அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், எனக்கு முகத்தில் மூடிக்கொள்ள அது ஒன்று வேண்டாமா. அதற்காகத்தான் எடுத்தேன். அதற்காக மட்டும்தானா என்று என்னை யாரும் கேட்க வேண்டாம். ரெண்டாவது, அந்தச் சத்தம். அது பாட்டல்ல, எனக்குப் பாட்டு வராது. டெலிபோனை எடுத்தால் அந்தக் காலத்தில் ஒரு டயல் டோன் வருமே, விடாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், அந்தச் சத்தத்தைத் தொண்டைக்குள் பிடிப்பேன். இருபத்தெட்டு வருஷம் காதுக்குள் ஓடின சத்தம், எந்த நேரமும் எனக்கு அச்சாக வரும். அது நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் தாயி கண்ணைச் சொருகிவிடுவாள். சேலை என்னுடையது, சத்தம் என்னுடையது. தொண்டையைக் கனைத்து ஒரு ஏனுங் கண்ணு போட்டுப் பார்க்கட்டும், தூங்குகிறாளா என்று பார்ப்போம்.

“எம்மா, என்ன ஒண்ணுமே சொல்ல மாட்டேங்க? புடிக்கலையா?” என்று பூரணி கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். ஒரு கறுப்புத் தொப்பிக்காரரைக் காட்டி, “இவரு நம்ம பேங்க் மேனேஜர் மாதிரி இல்ல?” என்றாள், அவளே சிரித்தாள். எத்தனை நாள் ஆயிற்று இவள் இப்படிக் கை வீசி நடந்து. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மழைக்கு லீவு விட்டால் இப்படித்தான் பையை ஆட்டிக்கொண்டு வருவாள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள், முக்கியமான படங்கள் எல்லாம் ரெண்டாம் மாடியாம், கூட்டம் சேருவதற்கு முந்தி பார்த்துவிட வேண்டுமாம். இதற்குத்தானே ஆசைப்பட்டேன். நானும் மகளும். இந்த ஒரு மணி நேரத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டால் என்ன. அப்போதுதான் அவள் பாட்டுக்குச் சொல்கிறாள், படியேறிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்: “அத்தை வந்தது எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமாம்மா. நீ போயிட்டா என்ன பண்ணுவேன்னு ராத்திரியெல்லாம் பயந்துக்கிட்டே கெடந்தேன். ஆனா மகிழ் அவுககிட்ட உடனே ஒட்டிக்கிட்டா பாத்தியா?” பார்த்தேன் என்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதமாகப் பயந்துகொண்டு கிடந்தாளாம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றைக்குப் பயம் தீர்ந்துபோன பிறகு செய்தியாகச் சொல்கிறாள். அவள் பயப்பட்டது நான் போய்விடுவேன் என்றா, வேலைக்கு ஆள் இல்லாமல் போய்விடும் என்றா. சீ, பெற்ற மகளைப் பற்றி இப்படி நினைக்கலாமா. ஆனால் நினைப்பு வந்துவிட்டது, வந்ததை எங்கே கொண்டு போய்ப் போட. நான் போன பிறகு என்னவெல்லாம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். குழந்தை குப்புற விழும், அது அவளுக்கு. முதல் பல், அவளுக்கு. முதல் சோறு ஊட்டுவது, அவளுக்கு. எனக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ வரும், கீழே நான் ஒரு கைகூப்பும் பொம்மை போட வேண்டும். அடுத்த தடவை நான் வரும்போது தாயி என்னைப் பார்த்து முகத்தை அவள் தோளில் ஒளித்துக்கொள்வாள். யாருங் கண்ணு அது, ஊர்ல இருந்து பாட்டி வந்திருக்காங்க பாரு, என்று அவள் என்னை அறிமுகம் செய்து வைப்பாள். இதை இப்போதே கேட்கிற மாதிரி இருக்கிறது. போன் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை. ஒருவேளை தூங்கிவிட்டதோ. சேலையும் இல்லாமல், சத்தமும் இல்லாமல், அந்த வெறும் கையில் தூங்கிவிட்டதோ. அப்படித் தூங்கியிருந்தால் என் மூன்று மாதத்துக்கு என்ன அர்த்தம்.

ஒரு படத்துக்கு முன்னால் மட்டும் ஏகப்பட்ட கூட்டம். ஆறேழு வரிசை தலைகள், எல்லாருடைய போனும் தலைக்கு மேலே. எட்டிப் பார்த்தால் படம் சின்னது, ஒரு காலண்டர் அளவுகூட இல்லை. ஒரு சமையல் வேலைக்காரி, ஜன்னலோரம் நின்று செம்பிலிருந்து சட்டியில் பால் ஊற்றுகிறாள். இதற்கா இவ்வளவு ரிசர்வேஷன். பால் ஒரு நூல் மாதிரி இறங்குகிறது, அவள் கண் பாலைவிட்டு அங்கே இங்கே போகவில்லை, முன்னால் இவ்வளவு பேர் நிற்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டியிருந்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வசந்தாமணியின் கை. அதே பருமன், அதே சிவப்பு, தூக்கினால் எதையும் கீழே போடாத கை. இங்கேயும் வந்து நிற்கிறாளே என்று நினைக்கும்போதே பூரணியின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.

“அத்தைதான்” என்றாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. “எவ்ளோ நேரமா... ஐயோ... அரை மணி நேரமாவா? ஏன் அத்தை மொதல்லயே கூப்பிடல?” என்னிடம் திரும்பி, “நாம பாத்துட்டு வரட்டும்னு கூப்பிடாம இருந்தாகளாம்மா. அழுதுக்கிட்டே இருக்காளாம், என்ன பண்ணியும் நிக்கலையாம். கெளம்பிருவோமா? வெளிய போனா இந்த டிக்கெட்டுக்கு மறுபடி விட மாட்டாங்க” என்றாள். எனக்கு நெஞ்சுக்குள் ஒன்று குதித்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷம்தான். இங்கே கொடு என்று போனை வாங்கினேன். “சம்பந்தீங்களா” என்றது குரல். போன் வழியாக வரும் குரலை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். அழாமல் இருக்கிற பிரயத்தனம் அதில் இருந்தது. “நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டனுங்க. பால் வேண்டாங்குது. என்னோட சேலையத் தூளி கட்டிப் பாத்தனுங்க, அதுல போட்டா இன்னும் கத்துது. உங்களைத்தாங்க தேடுது. வேற ஒண்ணுமில்லீங்க, உங்களைத் தேடுது.” இதைக் கேட்கத்தான் காலையிலிருந்து காத்துக் கிடந்தேன், இதே வார்த்தை, அவள் வாயாலேயே. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் தாயியின் அழுகை கேட்டது. பசி அழுகை இல்லை, தூக்க அழுகையும் தாண்டிவிட்டது. இழுத்து, மூச்சு அடைத்து, கொஞ்சம் சத்தமே இல்லாமல் போய், மறுபடி வருகிற அழுகை. பிறந்ததிலிருந்து நான் அவளை ஒரு தடவைகூட இப்படி அழவிட்டதில்லை. நான்தான் அழவைத்திருக்கிறேன்.

“நீலச் சேலை என் பெட்டிக்குள்ள இருக்கு சம்பந்தி. பூட்டலை. தொறந்தா மேலாப்புல இருக்கும்.”

பூரணி என்னைப் பார்த்தாள். “பெட்டிலயா? பெட்டில ஏம்மா வச்ச?” என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பால் ஊற்றுகிறவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் வசந்தாமணியும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாள். கண்டுபிடித்துவிட்டாள், பெண்பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது. சொல்லட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். “சரிங்க சம்பந்தி” என்றாள். “உங்களுக்கும் ஊருக்குக் கொண்டு போக வேணுமில்லீங்களா. பாப்பா தூங்கி எந்திரிச்சதும் மறுபடி அப்படியே மடிச்சு வெச்சர்றனுங்க.” நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள். கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். ஜிப் திறக்கிற சத்தம், கம்பியில் துணி உரசுகிற சத்தம், அழுகை தூளிக்குள் போய்க் கொஞ்சம் மட்டுப்பட்ட சத்தம். நிற்கவில்லை. “சேலை மட்டும் பத்தாது சம்பந்தி. போனைத் தூளிக்கிட்ட பிடிங்க” என்றேன். பூரணி, “எம்மா, இங்கயா, எல்லாரும் பாக்காங்க” என்றாள். பார்க்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைத் தொண்டைக்குள் பிடித்தேன். பக்கத்தில் நின்ற தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பியது மூடின கண்ணுக்கே தெரிந்தது. தாயியின் அழுகை உடைந்தது, ஒரு தரம் விக்கியது, நின்று கேட்டது. கேட்கிறாள். மூச்சு வாங்க நான் நிறுத்தின இடத்தில் அந்தப் பக்கம் இன்னொரு குரல் மெதுவாகத் தொட்டது. வசந்தாமணி. முதலில் கொஞ்சம் மேலே போனது. “எறக்கிப் பிடிங்க. இன்னும். ம், அதான், அப்படியே விடாமப் போங்க” என்றேன். பிடித்துக்கொண்டாள். என் சத்தம்தான், ஆனால் அவள் தொண்டையில். நான் நிறுத்திவிட்டேன். அது நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது, அதற்கு அடியில் குழந்தையின் மூச்சு நீளமாகி, இன்னும் நீளமாகி. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, “தூங்கிட்டாளுங்க” என்று ரகசியமாகச் சொன்னாள். “நீங்க நின்னு நெதானமாப் பாத்துப்போட்டு வாங்க. அவசரமே இல்லீங்க.”

அவசரமே இல்லை. போனைப் பூரணியிடம் கொடுத்தேன். கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தேன், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது, வாய் வேறு என் பேச்சைக் கேட்காமல் கோணிக்கொண்டது. அப்போது நீலச் சீருடை போட்ட ஒரு பெண் கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். சத்தம் போட்டதற்கு வெளியே போகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் முழங்கையைத் தொட்டு, தாழ்ந்த குரலில் பூரணியிடம் ஏதோ சொன்னாள், முன்னால் நின்றவர்களிடமும் ஏதோ சொன்னாள். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், போன்களை இறக்கினார்கள், ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார். “என்னட்டி சொல்லுதா?” என்று கேட்டேன்.

“இந்தப் படத்துக்கு முன்னால இப்படி அழுறவங்களை அவ நெறையப் பாத்திருக்காளாம்மா” என்றாள் பூரணி. அவள் குரலும் சரியாக இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள், கெட்டியாக. “உன்னை முன்னால போயி நிக்கச் சொல்லுதா. எவ்ளோ நேரம் வேணாலும் பாத்துக்கிடலாமாம்.”

போய் நின்றேன். எனக்கும் பால் ஊற்றுகிறவளுக்கும் நடுவில் இப்போது ஒருவரும் இல்லை. பால் இறங்கிக்கொண்டே இருந்தது, சட்டி நிறையவும் இல்லை, செம்பு காலியாகவும் இல்லை. நான் கோவில்பட்டிக்குப் போன பிறகும் இவள் இப்படித்தான் நிற்பாள், அதே ஜன்னல், அதே பால், அதே கை. இவளை யாரும் எழுந்திரு என்று சொல்லப் போவதில்லை, இவள் இடத்துக்கு யாரும் வரப்போவதும் இல்லை.

“இவளுக்கு விசா முடியாது, பாரு” என்றேன் பூரணியிடம்.